தேம்ஸ் நதியின் கள்வரும் கணக்கரும்

களவு செய்வோர்க்குத் தமிழிற் பெயர்கள் பல. இரவில் சுவரைத் துளைப்பவன் கன்னக்கள்ளன். வழியில் மறித்துப் பறிப்பவன் வழிப்பறிகாரன். சந்தைக் கூட்டத்தில் மடியைத் தடவுபவன் முடிச்சவிழ்க்கி. தொழுவத்தை நாடுபவன் மாட்டுக்கள்ளன். கருவியாலும் காலத்தாலும் களவாடும் பொருளாலும் கள்வனை வேறுபடுத்திப் பெயரிடுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். ஆயினும், ஒரு பெருநகரத்துக் கள்வரையெல்லாம் வகை வகையாகப் பிரித்து, ஒவ்வொரு வகைக்கும் தொகை கூறி, அவர்களால் நேரும் நட்டத்தைப் பவுண் கணக்கில் எழுதிக்காட்டும் பெருமுயற்சியொன்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாநகரில் நடைபெற்றது. அக்கணக்கை எழுதியவர் பற்றிக் கொஹூன் என்னும் நீதவான். அக்கணக்கின் வலிமையினாலேயே தேம்ஸ் நதிப் பொலிஸ் படை வேரூன்றியது. கள்வர் யார் என்பதை அது விரிவாகக் கூறிற்று. எது களவு என்று முடிவுசெய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்பதையும், தான் அறியாமலே, அது வெளிப்படுத்தி நிற்கிறது.

அக்காலத்து இலண்டன் துறைமுகத்தின் நிலையை முதலில் அறிதல் வேண்டும். உலகின் பெரிய வாணிகத் துறைமுகங்களுள் அது தலையாயது. ஆண்டொன்றுக்கு 13,000க்கு மேற்பட்ட கலங்கள் அங்கு வந்து சென்றன என்பது கொஹூனின் கணக்கு. ஆயின் இத்துணைக் கலங்களுக்கும் ஏற்ற துறை வசதி அங்கே இருந்ததில்லை. முதலாம் எலிசபெத் அரசியின் ஆட்சித் தொடக்கத்தில் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி, சுங்கவரிக்குரிய பொருள்கள் இலண்டன் பாலத்துக்கும் கோபுரக் கோட்டைக்கும் இடைப்பட்ட வடகரைத் துறைகளிலேயே இறக்கப்படல் வேண்டும். அத்துறைகளின் மொத்த நீளம் 1,419 அடி மாத்திரமே. எலிசபெத்தின் காலத்துக்குப் போதியதாயிருந்த இந்த இடம், இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. எனவே கப்பல்கள் நதியின் நடுவே நங்கூரமிட்டு வாரக்கணக்கிற் காத்துக் கிடந்தன. அவற்றின் சரக்கை வத்தைகளில் ஏற்றிக் கரைசேர்த்தனர். கரையிலோ பண்டகசாலைகள் நிரம்பி வழிந்தன; சீனிப் பீப்பாய்கள் வெட்டவெளியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுக் கிடந்தன.

போர்க்காலத்தில் இந்நெருக்கடி இன்னும் மிகுந்தது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து சீனி, கோப்பி, றம் என்பவற்றை ஏற்றிவரும் கப்பல்கள் பகைவர்க்கு அஞ்சிப் போர்க்கப்பல்களின் காவலோடு கூட்டமாகவே வந்தன. ஒரே பருவத்தில், ஒரே வாரத்தில், அளவற்ற செல்வம் நதியின்மீது மிதந்தது. காவலோ சொற்பம். கள்ளன் பெரிதோ காப்பான் பெரிதோ என்னும் பழமொழிக்கு அங்கே விடை தேட வேண்டியதில்லை. காப்பவனுட் பலர் கள்ளனோடு கூட்டுச் சேர்ந்திருந்தனர்.

இந்நிலையைக் கணக்கெடுக்கப் புகுந்த கொஹூன் 1745ஆம் ஆண்டு ஸ்கொத்லாந்து நாட்டிலே டம்பாட்டன் என்னும் ஊரிற் பிறந்தவர். இளமையில் அமெரிக்காவின் வேர்ஜீனியாவுக்குச் சென்று வாணிகம் பயின்று, திரும்பிவந்து கிளாஸ்கோ நகரிற் பெருவணிகராய் விளங்கினார். 1782 முதல் 1784 வரை அந்நகரின் முதல்வராயிருந்தார். 1783இல் அங்கு வர்த்தகச் சங்கத்தை நிறுவினார். பின்னர் இலண்டனிற் குடியேறி, 1792இல் ஏற்படுத்தப்பட்ட சம்பளம் பெறும் நீதவான்களுள் ஒருவரானார். பஞ்ச காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சித்தொட்டிபோற் சூப் வழங்கும் நிலையங்களை நடத்துவதிலும் முன்னின்றவர் அவர். வணிகரின் கணக்குப் பழக்கமும் நீதவானின் அநுபவமும் ஒருவரிடத்தே சேர்ந்தமையால் பிறந்ததே, மாநகரின் பொலிஸ் முறை பற்றி அவர் எழுதிய நூல். 1796இல் அது ஆசிரியர் பெயரின்றி, ஒரு நீதவான் எழுதியது என்ற குறிப்போடு வெளியாயிற்று. 1800ஆம் ஆண்டுக்குள் ஆறு பதிப்புக்களைக் கண்டது.

அந்நூலில், இலண்டனில் ஆண்டுதோறும் களவு போகும் பொருளின் பெறுமதி 20 இலட்சம் பவுண் என்று அவர் மதிப்பிட்டு, அதனை ஆறு வகையாகப் பிரித்தார். சில்லறைக் களவுகள் 7,10,000 பவுண். நதியிலும் துறைகளிலும் நடக்கும் களவுகள் 5,00,000 பவுண். அரசாங்கக் கப்பற் கட்டுந்தளங்களிலும் போர்க்கப்பல்களிலும் நடப்பவை 3,00,000 பவுண். கன்னமிடல், வழிப்பறி முதலியன 2,20,000 பவுண். கள்ள நாணயம் அடித்தல் 2,00,000 பவுண். பொய்ப்பத்திரம், வஞ்சகம் என்பன 70,000 பவுண். இக்கணக்கிலே கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. மக்கள் அதிகம் அஞ்சியது கன்னக்கள்ளனையும் குதிரையேறி வரும் வழிப்பறிகாரனையுமே. கதைகளிலும் தெருப்பாடல்களிலும் இடம்பெற்றவர்கள் அவர்களே. ஆனால் கொஹூனின் கணக்கின்படி அவர்கள் பங்கு ஒன்பதில் ஒன்றே. பெரும்பகுதி, பெயரும் புகழும் இல்லாத சிறு களவுகளாலேயே போயிற்று.

பொருளைக் கணக்கிட்டதுபோலவே ஆட்களையும் அவர் கணக்கிட்டார். களவையே தொழிலாகக் கொண்ட கன்னக்கள்வர், வழிப்பறிகாரர், முடிச்சவிழ்க்கிகள், நதிக் கொள்ளைக்காரர் ஆகியோர் யாவரும் 2,000 பேர். ஒருபகுதி உழைப்பாலும் ஒருபகுதி களவாலும் வாழ்வோர் 8,000 பேர். நதியில் உழைத்துக்கொண்டே திருடுவோர் 2,500 பேர். களவுப்பொருள் வாங்குவதையே பெருந்தொழிலாகக் கொண்டோர் 60 பேர்; அவருள் எட்டுப் பத்துப் பேர் பெருஞ்செல்வர். இவ்வாறு 24 வகுப்புக்களை அடுக்கி, குற்றத்தாலோ ஒழுக்கக்கேட்டாலோ வயிறு வளர்ப்போர் 1,15,000 பேர் என்று முடித்தார். 1801இல் எடுக்கப்பட்ட முதலாவது குடிமதிப்பில் இலண்டனின் மக்கட்டொகை பத்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகவே இருந்தது. அப்படியாயின் எட்டொன்பது பேருக்கு ஒருவர் அவர் பட்டியலில் அடங்கினர். இத்தொகை மிகையானது என்பதே பிற்கால ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. 1,15,000 பேரில் 50,000 பேர் களவோடு தொடர்பில்லாத பெண்கள். ஒழுக்கம் தவறியோர் என்று அவர் கருதியமையாற் சேர்க்கப்பட்டவர்கள். ஆயினும் தொகையைத் தள்ளிவிட்டு வகைகளை மாத்திரம் நோக்கினால், அந்நாளைய துறைமுகத்தின் உயிருள்ள சித்திரம் ஒன்று கிடைக்கிறது. 1800இல் தேம்ஸ் நதியைப் பற்றித் தனியாக அவர் எழுதிய நூலில் அச்சித்திரம் முழுமை பெறுகிறது.

நதிக் கள்வருள் முதல் வகுப்பினர் நதிக் கொள்ளைக்காரர். இவர்கள் ஆயுதந் தாங்கிய கூட்டத்தார். நள்ளிரவில் சரக்கேற்றிய வத்தையின் கட்டை அறுத்துவிட்டு, அது நீரோட்டத்தோடு மிதந்துபோய்த் தனியிடத்திலே தரைதட்டும்வரை பின்தொடர்ந்து, பின் அதனைக் கொள்ளையிடுவர். நங்கூரத்தையும் அதன் வடத்தையுங்கூடத் தூக்கிச் செல்வர். அமெரிக்கக் கப்பலொன்றின் தலைவன் இரவில் சத்தங்கேட்டு மேற்றளத்துக்கு ஓடிவந்தபோது, கள்வர் அவனுடைய நங்கூரத்தைத் தங்கள் படகில் ஏற்றி முடித்திருந்தனர். நங்கூரம் தங்களிடம் இருப்பதை அவனுக்குத் தெரிவித்து, காலை வணக்கமுங் கூறி அவர்கள் படகைச் செலுத்திக்கொண்டு போயினர் என்று கொஹூன் எழுதுகிறார்.

இரண்டாம் வகுப்பினர் இரவுக் கொள்ளையர். வத்தைகளைக் காக்க நியமிக்கப்பட்ட காவலாளரைக் கைக்குள் போட்டுக்கொண்டு, சரக்கை வேறு படகுகளுக்கு மாற்றும் ஓடக்காரர் இவர்கள். மூன்றாம் வகுப்பினரை மக்கள் ‘இலகு குதிரைவீரர்’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். படைவீரர் பெயரைச் சூடிய இவர்களுக்குக் குதிரையும் இல்லை, வாளும் இல்லை. ஆனால் படையினரைப் போன்ற ஒழுங்கு இருந்தது. மேற்கிந்தியக் கப்பலின் துணை அதிகாரிக்கும், கப்பலிற் காவலிருக்கும் சுங்க உத்தியோகத்தனுக்கும் முன்கூட்டியே பணங் கொடுத்து, ஓர் இரவுக்கு அக்கப்பலைக் குத்தகைபோற் பெற்றுக்கொள்வர். அதற்குரிய விலை 20 முதல் 30 கினி வரை. அவ்விரவில் உத்தியோகத்தன் உறங்கப் போய்விடுவான். பீப்பாய் திறப்பதற்கென்றே தொழில் தெரிந்த பீப்பாய்த் தச்சர் வருவர். சீனியை அள்ளுவதற்கு, இருளிற் கண்ணுக்குத் தெரியாவண்ணம் கறுப்புச் சாயந் தோய்த்த சாக்குகளைக் கொண்டுவருவர். றம் மதுவை எடுப்பதற்கு மரக்குழாய் பொருத்திய விலங்குப் பைகள் இருந்தன. விடியுமுன் எல்லாம் முடிந்து, பீப்பாய்கள் முன்போலவே அடைக்கப்பட்டிருக்கும்.

இவர்களுக்கு நேர்மாறானவர் ‘பளுக் குதிரைவீரர்’. இவர்கள் பகலில் வருபவர்கள். கப்பலிலிருந்து சரக்கிறக்கும் கூலியாட்கள். உடைக்குள்ளே முன்னும் பின்னும் பெரிய பைகள் தைத்த உட்சட்டை ஒன்றை அணிந்திருப்பர். அகன்ற காற்சட்டைக்குள் தொடையிலும் கெண்டைக்காலிலும் நீண்ட ஒடுங்கிய பைகளைக் கட்டியிருப்பர். உணவு வேளைக்குக் கரையேறும்போதெல்லாம் சீனியும் கோப்பியும் இஞ்சியும் அப்பைகளில் நிரம்பியிருக்கும். காலையில் மெலிந்தவனாய்க் கப்பலேறியவன் மாலையிற் பருத்தவனாய் இறங்கினான் என்று சொன்னால் மிகையாகாது.

இவர்களைச் சூழ்ந்து பல சிறு கூட்டத்தார் வாழ்ந்தனர். வற்றுநீர் வேளையில் கப்பலின் அடியில் சேற்றிலே இறங்கி, பழங்கயிறும் இரும்பும் நிலக்கரியும் பொறுக்குவதாகப் பாசாங்கு செய்து, மேலிருந்து நழுவவிடப்படும் சிறுபைகளை ஏந்திக்கொள்வோர் ‘சேற்று வானம்பாடிகள்’. துறையில் சரக்கு நெரியும் வேளையிற் சுமைகூலிகளாக முண்டியடித்து வந்து, நீண்ட மேலங்கித் துணிக்குள் கைக்கெட்டியதை மறைப்போர் ‘தள்ளுமுள்ளு வேட்டைக்காரர்’. எலி பிடிப்போரும் இப்பட்டியலில் உண்டு. எலிப்பொறி வைப்பதாகக் கூறிக் கப்பலினுள் நுழைந்து, சரக்கு இருக்கும் இடத்தை அறிந்து, இரவில் கூட்டாளிகளோடு வருவர். எலித் தொழிலிலும் அவர்கள் நேர்மையாளர் அல்லர். பிடித்த எலியைக் கொல்லாது அடுத்த கப்பலுக்குக் கொண்டுபோய் விட்டு, அதே எலியை மீண்டும் பிடித்து, மூன்று நான்கு தடவை கூலி பெற்றனராம்.

இத்தனை பேருக்கும் ஆணிவேராய் இருந்தவர் களவுப்பொருள் வாங்குவோர். வாங்குவோன் இல்லையெனிற் கள்வனும் இல்லை என்பதைக் கொஹூன் திரும்பத் திரும்ப வற்புறுத்தினார். கறுப்புச் சாக்கிலே வந்த சீனியைக் கூலியாள் தன் வீட்டில் வைத்துத் தின்றுவிட முடியாது. அதனை நிறுத்து, விலைபேசி, பணமாக்கித் தருவதற்குக் கடை வேண்டும். பழைய இரும்புக் கடை, மதுக்கடை, பலசரக்குக் கடை ஆகியவற்றின் சொந்தக்காரர் அப்பணியைச் செய்தனர். சிலர் கப்பலுக்கே சென்று அதிகாரிகளோடு பேரம் பேசினர். கள்வனுக்குக் கிடைத்தது உண்மைப் பெறுமதியின் ஒரு சிறு பங்கு, மிகுதி வாங்குவோனுக்கே. தூக்குமரத்தில் ஏறியவனும் இலாபம் அடைந்தவனும் வெவ்வேறானவர்கள்.

தூக்குமரம் என்பது வெறும் அலங்காரச் சொல்லன்று. 1751ஆம் ஆண்டின் சட்டமொன்றின்படி, கப்பலோடும் நதியில் நிற்கும் கலத்திலிருந்தோ துறையிலிருந்தோ 40 சிலிங் பெறுமதியுள்ள பொருளைத் திருடியவனுக்கு மரணதண்டனை. ஆயினும் இச்சட்டத்தாற் களவு குறையவில்லை. சில இறாத்தல் சீனிக்காக ஒருவனைத் தூக்கிலிட யூரிமார் மனம் ஒப்பவில்லை. பொருளின் பெறுமதியை வேண்டுமென்றே குறைத்து மதிப்பிட்டனர். வழக்குத் தொடுக்கும் செலவைப் பொருளை இழந்தவனே ஏற்கவேண்டியிருந்தமையால் வணிகரும் பின்வாங்கினர். 1762ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தின்கீழ்ச் சிறு களவுக்கு 40 சிலிங் தண்டம் விதிக்கப்பட்டது. கள்வரோ தங்களுக்குள் சங்கங்கள் கூட்டி, பணஞ் சேர்த்து வைத்து, அகப்பட்டவனுக்காகத் தண்டத்தைக் கட்டிவிட்டனர். ஒருபுறம் நிறைவேற்ற முடியாத கொடுந்தண்டனை. மறுபுறம் வியாபாரச் செலவுபோல் ஏற்கத்தக்க சிறு தண்டம். இரண்டினாலும் பயனில்லை. தண்டனையின் கடுமையினால் அன்று, அகப்படுவது உறுதி என்னும் அச்சத்தினாலேயே களவு குறையும் என்று கொஹூன் கண்டது அவருடைய அறிவின் சிறப்பாகும்.

இதுவரை கூறியது வணிகர் பக்கத்துக் கணக்கு. கூலியாளின் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. கப்பலிறக்கும் கூலியாட்கள் ஒப்பந்தக்காரர் சிலரின் கீழ் வேலை செய்தனர். அவ்வொப்பந்தக்காரருட் பலர் ஆற்றங்கரை மதுக்கடைக்காரர். கடையிற் குடித்தவனுக்கே வேலை கிடைத்தது. கூலியின் பெரும்பகுதி குடிக்கணக்கிற் கழிந்தது. சில கப்பல்களிற் கூலியே கொடுபடவில்லை. பணமாகக் கிடைக்காத கூலியைச் சரக்காக எடுத்துக்கொள்வார்கள் என்பது கொடுப்பவனுக்கும் தெரியும், பெறுபவனுக்கும் தெரியும். இதனைக் கொஹூனே மறைக்காமல் எழுதியுள்ளார்.

உடைந்த பீப்பாயிலிருந்து தளத்திற் சிந்திய சீனி, மாதிரி பார்ப்பதற்கு எடுத்த கைப்பிடி, கப்பலின் அடியிற் கூட்டியெடுத்த கோப்பி ஆகியவை தொழிலாளிக்கு உரியவை என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழமை. டெட்போட் முதலிய அரசாங்கக் கப்பற்றளங்களில் தச்சர் நாளின் முடிவில் மரச்சிராய்களை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் உரிமை பெற்றிருந்தனர். சிராய் என்பது நாளடைவில் மூன்றடிக்குட்பட்ட மரத்துண்டு என்று பொருள்பட்டது. நல்ல மரமும் அந்த அளவுக்கு அறுபடத் தொடங்கியது. ஆயினும் அதே தச்சர்க்கு அரசாங்கம் மாதக்கணக்காகச் சம்பளப் பாக்கி வைத்திருந்தது என்பதையும் மறத்தல் ஆகாது. வழமைக்குச் சட்டத்தின் வலிமை உண்டு என்பதை, 1707இல் ஒல்லாந்தர் தேசவழமையை எழுத்தில் வடித்த யாழ்ப்பாண நாட்டவர்க்கு விளக்கவேண்டியதில்லை. ஆனால் தேம்ஸ் நதிக்கரைத் தொழிலாளியின் வழமையை எழுத்தில் வடிப்பார் எவரும் இருந்ததில்லை. பீற்றர் லைன்போ என்னும் வரலாற்றாசிரியர் 1991இல் வெளியிட்ட, இலண்டனிற் தூக்கிலிடப்பட்டோர் பற்றிய நூல், இவ்வழமைகள் எவ்வாறு படிப்படியாகக் குற்றங்களாக மாற்றப்பட்டன என்பதை விரிவாகக் காட்டிற்று.

எது சிந்தியது, எது சிந்தவைத்தது என்று பிரித்தறிவது எளிதன்று. கறுப்புச் சாக்கோடு இரவில் வருபவன் கள்வன் என்பதில் ஐயமில்லை. கூலி கிடைக்காமையால் தொப்பி நிறையச் சீனியோடு கரையேறியவனையும் அதே பட்டியலில் அதே பெயரால் எழுதியதிலேயே சிக்கல் இருந்தது. நதியில் உழைத்தோரில் ஏறக்குறைய 11,000 பேர், அதாவது மூவரில் ஒருவர் கள்வர் என்று கொஹூன் எழுதினார். ஒரு தொழிலைச் செய்வோருள் மூவரில் ஒருவர் ஒரே செயலைச் செய்வாராயின், அதனைத் தனிமனிதரின் தீயொழுக்கம் என்று மட்டும் கூறிவிட முடியுமா?

இவ்வேளையில் ஜோன் ஹரியற் என்னும் மற்றொருவர் தோன்றினார். கடலோடியாயும் எசெக்ஸ் நாட்டில் விவசாயியாயும் இருந்த இவர், 1797இல் நதிப் பொலிஸ் படைக்கான திட்டமொன்றை வகுத்தார். கொஹூன் அதனைத் தமது செல்வாக்கினால் வணிகர் முன் வைத்தார். தத்துவஞானி ஜெரமி பெந்தம் சட்ட வரைவில் உதவினார். மேற்கிந்திய வணிகரும் தோட்டச் சொந்தக்காரரும் செலவின் பெரும்பகுதியை ஏற்க, 1798ஆம் ஆண்டு யூலை மாதம் 2ஆந் திகதி வாப்பிங் என்னுமிடத்தில் அப்படை பணியைத் தொடங்கியது. முதலாண்டுச் செலவு 4,200 பவுண்.

அதன் செயன்முறை இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒரு பகுதி, படகுகளில் இரவும் பகலும் நதியைச் சுற்றிவருவது. மற்றப் பகுதி, கப்பலிறக்கும் கூலியாட்களைத் தானே பதிவுசெய்து, தானே வேலைக்கு அனுப்பி, நிச்சயித்த கூலியைத் தானே கொடுப்பது. பதிவுபெற்ற கூலியாள் அகன்ற காற்சட்டையும் பையுள்ள உட்சட்டையும் அணியலாகாது. கரையேறும்போது சோதனைக்கு உடன்படல் வேண்டும். இந்த இரண்டாம் பகுதி பெரும்பாலும் மறக்கப்பட்டுவிட்டது. ஆனால் உண்மையான மாற்றம் அதிலேதான் இருந்தது. கூலியைப் பணமாகக் கொடுத்து, மதுக்கடைக்காரனின் பிடியை ஓரளவு தளர்த்தி, அதற்கு ஈடாக வழமையை ஒழித்ததே அதன் சாரம். முதலாண்டிலேயே 1,22,000 பவுண் பெறுமதியான பொருள் காக்கப்பட்டது என்று கொஹூன் உரிமை கொண்டாடினார்.

வழமையை இழந்தவர்கள் அதனை அமைதியாக ஏற்கவில்லை. 1798 ஒக்ரோபர் 16ஆந் திகதி மாலை, நிலக்கரி திருடினர் என்று நிலக்கரி இறக்குவோர் இருவரும் வேறொருவரும் வாப்பிங் அலுவலகத்தில் விசாரிக்கப்பட்டு, ஆளுக்கு 40 சிலிங் தண்டம் விதிக்கப்பெற்றனர். தண்டப்பணமும் கட்டப்பட்டது. அவர்களுள் ஒருவனுடைய சகோதரன் ஜேம்ஸ் அயர்ஸ் என்பவன் சினங்கொண்டு வெளியே திரண்டிருந்த கூட்டத்தோடு சேர்ந்தான். கூட்டம் பெருகிற்று, கல்மாரி பொழிந்தது, யன்னல்கள் நொறுங்கின. கொஹூனும் ஹரியற்றும் உள்ளே இருந்தனர். பொலிஸார் சுட்டதில் கலகக்காரருள் ஒருவன் இறந்தான். படைக்கு உதவியாக நின்ற கபிரியேல் பிராங்ஸ் என்பவர் வெளியிற் குண்டடிபட்டுச் சில நாளின்பின் உயிர்நீத்தார். கடமையில் உயிர்துறந்த பிரித்தானியப் பொலிஸார் வரிசையில் அவர் பெயர் மிக முற்பட்டவற்றுள் ஒன்று. சுட்டவன் யார் என்பது நிறுவப்படவில்லை. ஆயினும் கலகத்தைத் தூண்டியவன் என்னும் காரணத்தால் ஜேம்ஸ் அயர்ஸ் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டு, 1799 ஜனவரியில் மரணதண்டனைத் தீர்ப்புப் பெற்றான். சிறிதளவு நிலக்கரியில் தொடங்கிய வழக்கு மூன்று உயிர்களைச் சூழ்ந்து நின்றது.

1800ஆம் ஆண்டு யூலை மாதம் நிறைவேறிய சட்டத்தினால் நதிப்படை அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. சேர் றொபேட் பீல் இலண்டன் மாநகரப் பொலிஸை அமைத்தது 1829இல். அதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே நதியிற் பொலிஸ் இருந்தது. 1839இல் நதிப்படை மாநகரப் படையோடு இணைந்தது. அதே காலத்தில் மற்றொரு காவலும் எழுந்தது, அது மதில். 1799இற் சட்டம் பெற்று, 1802 ஓகஸ்ட் மாதம் திறக்கப்பட்ட மேற்கிந்தியக் கப்பற்றுறை, ஏறக்குறைய 20 அடி உயரமான மதிலால் சூழப்பட்டது. இலண்டனுக்கு வரும் மேற்கிந்தியச் சரக்கு யாவும் 21 ஆண்டுக்கு அங்கேயே இறக்கப்படல் வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1805இல் வாப்பிங்கில் இலண்டன் துறையும், 1806இல் கிழக்கிந்தியத் துறையும் திறக்கப்பட்டன. டெட்போட் முதலிய தளங்களிலே 1801இல் மரச்சிராய் உரிமை நீக்கப்பட்டு, அதற்கு ஈடாகத் தச்சர்க்கு நாட்படி கொடுக்கப்பட்டது. சேற்று வானம்பாடிகளும் குதிரைவீரரும் சிறிது சிறிதாக மறைந்தனர். தூக்குமரம் ஐம்பது ஆண்டுகளாகச் செய்ய முடியாததைப் படகும் மதிலும் கூலிப் பணமும் சில ஆண்டுகளிற் செய்தன. குற்றவியல் வரலாற்றிற் கொஹூனுக்குரிய இடம் இதனால் உறுதியாயிற்று.

ஆயினும் அவருடைய 24 வகுப்புக்களையும் முதலிலிருந்து கடைசிவரை படிப்போர்க்கு ஒரு வெற்றிடம் புலப்படும். தேம்ஸ் நதியிற் காக்கப்பட்ட சீனி யாருடையது? மேற்கிந்தியத் தீவுகளிற் கரும்பு வெட்டியவர்கள் ஆபிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளும் அவர்தம் மக்களும் ஆவர். அவர்களுடைய நாடு, உழைப்பு, பிள்ளைகள், பெயர் எல்லாம் பறிக்கப்பட்டிருந்தன. அன்றைய சட்டத்தின்படி அவர்களே பிறர் உடைமை. ஆதலால் அவர்களிடமிருந்து பறித்தது களவாகாது. அவர்கள் விளைத்த சீனியில் ஒரு கைப்பிடியை வாப்பிங் கூலியாள் எடுத்தால் அது களவு. நதிப்படைக்குப் பணங் கொடுத்தவர்கள் அந்த அடிமைகளின் சொந்தக்காரர்கள். கொஹூன் தாமும் மேற்கிந்தியத் தீவுகள் சிலவற்றுக்கு இலண்டனிற் பிரதிநிதியாய் இருந்தவர். வறுமை செல்வத்துக்கு இன்றியமையாத மூலம், ஆனால் பிழைக்க வழியற்ற நிலையே தீமை என்று 1806இல் எழுதிய அவருக்கு, தோட்டத்து அடிமையின் நிலை குற்றக் கணக்கில் எழுதவேண்டிய செய்தியாகப் படவில்லை.

சட்டம் பின்னர் மாறியது. 1807இல் பிரித்தானியா அடிமை வாணிகத்தை ஒழித்தது. 1833இற் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையையே ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. அப்பொழுது இரண்டு கோடி பவுண் நட்டஈடு ஒதுக்கப்பட்டது. அது அடிமைகளின் சொந்தக்காரர்க்குக் கொடுக்கப்பட்டது. உழைப்பை இழந்தோர்க்கு ஒரு சிலிங்கும் கிடைக்கவில்லை. மேற்கிந்தியக் கப்பற்றுறை தோன்ற முன்னின்று உழைத்த றொபேட் மில்லிகன் என்னும் வணிகர் ஜமேக்காவிற் கரும்புத் தோட்டங்களும் நூற்றுக்கணக்கான அடிமைகளும் உடையவர். அவருடைய சிலை அத்துறையின் அருகே நெடுங்காலம் நின்றது. துறை 1980இல் மூடப்பட்டு, அவ்விடத்தில் வானளாவிய வங்கிக் கட்டடங்கள் எழுந்தன. 2020 யூன் மாதத்தில் அச்சிலை பீடத்திலிருந்து அகற்றப்பட்டது. அவர் வாழ்ந்த காலத்தில் களவு எனப்படாத ஒன்றுக்கு, இரண்டு நூற்றாண்டுகளின் பின் வேறு பெயர் கிடைத்தது.

கொஹூனின் பட்டியலைப் பொய் என்று தள்ளிவிடுவது நீதியாகாது. இருளிற் கட்டறுத்துச் செல்லும் கொள்ளைக்காரன் நாணயமான வணிகனையும், அவனிடம் வேலை செய்யும் நாணயமான கூலியாளையும் ஒருங்கே வருத்தினான். அவனைத் தடுத்தல் வேண்டும், தடுத்ததும் நன்று. எப்படித் தடுக்கலாம் என்பதையும் அவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. உறுதியான காவல், ஒழுங்கான கூலி, களவுப்பொருள் வாங்குவோன்மீது கண்காணிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தபோது களவு குறைந்தது. கழுத்தை இறுக்கும் கயிறு தனித்து எதனையும் சாதிக்கவில்லை. அதனோடு மற்றொரு பாடமும் அங்கே உண்டு. கள்வரை வகைப்படுத்தும் பட்டியல் எதுவாயினும், அதனைப் படிக்கும்போது இருவரை அதிற் தேடிப் பார்த்தல் வேண்டும். ஒருவன், வழமையால் உரியதைப் பெற்றுவந்து ஒரே நாளிற் கள்வனாக்கப்பட்டவன். மற்றவன், மிகப் பெரியதைப் பறித்தும் எந்தப் பட்டியலிலும் பெயர் எழுதப்படாதவன். தேம்ஸ் நதிக்கரையில் முதல்வனின் பெயர் பொலிஸ் பதிவேட்டில் ஏறியது; இரண்டாமவனின் பெயர் சிலையின் பீடத்தில் பொறிக்கப்பட்டது.